சல்லிவன் குடும்பத்தின் ஐந்து பிள்ளைகளும் 'பலி' என்னும் சொல்லும்



நவம்பர் மாதம் இறந்த விசுவாசிகளுக்காக நாம் மன்றாடும் மாதம். கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்கிறோம், மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம், பூசைக் கருத்து எழுதிக் கொடுக்கிறோம். இம்மாதத்தில் குடும்பமாக அமர்ந்து பார்ப்பதற்கு ஒரு பழைய திரைப்படத்தை முன்வைக்க விரும்புகிறோம். 1944ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்த 'தி ஃபைட்டிங் சல்லிவன்ஸ்' என்னும் கறுப்பு வெள்ளைப் படம் அது. இயக்கியவர் லாய்டு பேக்கன். தந்தையாக தாமஸ் மிட்செலும், தாயாக செலீனா ராயலும், இளைய மருமகளாக ஆன் பாக்ஸ்டரும் நடித்திருக்கிறார்கள். முதலில் 'தி சல்லிவன்ஸ்' என்ற பெயரில்தான் வெளியானது. சண்டை என்ற பொருள்படும் சொல்லைப் பின்னர் சேர்த்தார்கள். சேர்க்காமலே விட்டிருக்கலாம். போர்ப்படம் என்று பெயர் பெற்றிருந்தாலும் போர்க்களம் இதில் கடைசிப் பகுதியில் சிறிது நேரமே வருகிறது. மற்றபடி இது ஒரு கத்தோலிக்க வீட்டின் கதை. அதுவும் உண்மைக் கதை.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வாட்டர்லூ என்ற நகரம். அங்கு இரயில்வேயில் பணிபுரிந்த தாமஸ் சல்லிவன், அவருடைய மனைவி அலெட்டா. அயர்லாந்து வழிவந்த குடும்பம். ஜார்ஜ், பிராங்க், ஜோ, மாட், ஆல் என ஐந்து ஆண்பிள்ளைகள். ஜெனிவீவ் என்ற பெண்பிள்ளை. இன்னொரு பெண்குழந்தை 1931இல் கைக்குழந்தையாகவே இறந்துபோயிற்று. ஆகவே இந்தப் போருக்கு முன்பே அந்தத் தாய் ஒரு சிறு சவப்பெட்டியைக் கண்டவர்.

படம் ஐந்து திருமுழுக்குகளோடு தொடங்குகிறது. ஒவ்வொரு பிள்ளையாகத் திருமுழுக்குத் தொட்டிக்குக் கொண்டுவரப்படுகிறது, ஞானப்பெற்றோர் நிற்கிறார்கள், குரு தண்ணீர் ஊற்றுகிறார், பெயர் சூட்டப்படுகிறது. ஒரு திரைப்படம் தன் கதாநாயகர்களை இப்படி அறிமுகம் செய்வது அரிது. திருமுழுக்குப் பெறும்போது நாம் கிறிஸ்துவின் சாவோடு இணைக்கப்படுகிறோம் என்று தூய பவுல் உரோமையருக்கு எழுதுகிறார் (உரோ 6:3-4). வெண்ணிற ஆடை உடுத்தி, விருந்து வைத்து, புகைப்படம் எடுத்துக்கொள்ளும் மகிழ்ச்சியில் இதை நாம் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். இந்த ஐவரின் முடிவும் தண்ணீரில்தான் என்பது தெரிந்து பார்க்கும்போது, அந்த முதற்காட்சியின் தண்ணீர் வேறுவிதமாகத் தெரிகிறது. இயக்குநர் அதை எண்ணி வைத்தாரா என்பது நமக்கு முக்கியமில்லை.

அடுத்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிள்ளைகளின் சேட்டைகள். பழைய படகு ஒன்றை ஒட்டுப்போட்டு ஆற்றில் இறக்கி, அது மூழ்கி, நனைந்து கரையேறுகிறார்கள். தந்தைக்குத் தெரியாமல் புகைத்துப் பார்க்கிறார்கள். சமையலறைச் சுவரை அறுத்துத் திறப்பு வைக்கப்போய் வீட்டைத் தண்ணீரில் மிதக்க விடுகிறார்கள். எங்கு போனாலும் ஐவராகவே போகிறார்கள். கடைக்குட்டி ஆல் எப்போதும் பின்தங்கி, தனக்காகக் காத்திருக்கும்படி கத்திக்கொண்டே ஓடிவருகிறான். தினமும் காலையில் தந்தை வேலை செய்யும் சரக்கு இரயில் கிளம்பும்போது பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டிக் கோபுரத்தின்மேல் ஏறி நின்று கையசைப்பார்கள். அவர் இரயிலின்மேலிருந்து பதிலுக்குக் கையசைப்பார். தந்தைக்கும் பிள்ளைகளுக்கும் இடையே பேச்சில்லாத ஒரு காலைச் செபம்போல அது நடக்கிறது.

வளர்ந்தபின் ஆல், கேத்தரின் மேரி என்ற பெண்ணை விரும்புகிறான். அண்ணன்மார் விளையாட்டாகப் பொய் சொல்லி அந்த உறவைக் கெடுத்துவிடுகிறார்கள். தம்பி நொறுங்கிப்போவதைக் கண்டதும் தாங்களே அவள் வீடு தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டு அழைத்து வருகிறார்கள். திருமணம் நடக்கிறது, குழந்தை பிறக்கிறது. 1941 டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை. பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்ட செய்தி வானொலியில் வருகிறது. அண்ணன்மார் நால்வரும் கடற்படையில் சேர முடிவெடுக்கிறார்கள். மனைவியும் கைக்குழந்தையும் உள்ள ஆல் வீட்டில் இருந்தாக வேண்டும். இருக்க முடியாமல் அவன் தவிப்பதைக் கேத்தரின் மேரி பார்க்கிறாள். அவளே அவனைப் போகச் சொல்கிறாள்.

இந்த இடத்தில் நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். படத்தில் 'தியாகம்' என்று எதையாவது சுட்டிக்காட்ட வேண்டுமானால் முதலில் இந்தப் பெண்ணின் ஒரு சொல்லைத்தான் சுட்டிக்காட்டுவோம். அவளிடமிருந்து யாரும் எதையும் பறிக்கவில்லை. சட்டம் வற்புறுத்தவில்லை, அதிகாரி வந்து கேட்கவில்லை. தன் கையில் இருந்ததை அவள் தானே கொடுத்தாள். பின்னால் வரும் பெரிய இழப்பைப் பேசும்போது இந்த வேறுபாடு நமக்குத் தேவைப்படும்.

இனி வரலாறு. 1942 ஜனவரி 3 அன்று ஐவரும் கடற்படையில் சேர்ந்தார்கள். ஒரே கப்பலில் பணியாற்ற விடவேண்டும் என்பது அவர்கள் வைத்த நிபந்தனை. கடற்படை அதை ஏற்றுக்கொண்டது. பிப்ரவரி 14 அன்று பணியில் இறக்கப்பட்ட 'ஜூனோ' என்னும் போர்க்கப்பலில் ஐவருக்கும் இடம் கிடைத்தது. அன்று கப்பல் தளத்தில் ஐவரும் சிரித்துக்கொண்டு நிற்கும் புகைப்படம் நாடெங்கும் புகழ்பெற்றது. ஒன்பது மாதங்கள் கழித்து, 1942 நவம்பர் 13 அன்று, பசிபிக் பெருங்கடலில் சாலமன் தீவுகளின் குவாடல்கனால் அருகே நடந்த இரவுச் சண்டையில் ஜூனோ சேதமடைந்தது. விடிந்தபின் மற்றக் கப்பல்களோடு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது ஐ-26 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஏவிய டார்பிடோ அதன்மேல் பாய்ந்தது. கப்பல் வெடித்து, ஒரு நிமிடத்திற்குள் கடலில் மறைந்துவிட்டது. 687 பேர் இறந்தார்கள். சல்லிவன் சகோதரர்கள் 20 வயதிலிருந்து 27 வயது வரை உள்ளவர்கள்.

படத்தில் இந்தப் பகுதி விரைவாக முடிந்துவிடுகிறது. காயமடைந்து கப்பலின் மருத்துவ அறையில் கிடக்கும் ஜார்ஜை விட்டுவிட்டுப் போக மற்ற நால்வருக்கும் மனமில்லை. அவனிடம் ஓடுகிறார்கள். ஐவரும் ஒன்றாக இருக்கும் அந்த நொடியில் வெடி அதிர்கிறது. கண்ணியமான முடிவு. ஆனால் உண்மையில் நடந்தது இதைவிடக் கொடியது. கப்பல் வெடித்தபின்னும் நூற்றுக்கும் மேற்பட்டோர் கடலில் உயிரோடு இருந்தார்கள். எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் இன்னும் அருகில் இருக்கிறது என்ற அச்சத்தில் மற்றக் கப்பல்கள் நிற்காமல் போய்விட்டன. மேலே பறந்த விமானம் ஒன்றிற்கு அவர்கள் அறிவித்த செய்தி உரிய இடத்தில் உரிய நேரத்தில் கவனிக்கப்படவில்லை. எட்டு நாள்கள் கடந்தன. வெயில், தாகம், காயங்கள், சுறாமீன்கள். கடைசியில் தண்ணீரிலிருந்து உயிரோடு மீட்கப்பட்டவர்கள் 10 பேர்.

தப்பியவர்கள் சொன்னதன்படி பிராங்க், ஜோ, மாட் மூவரும் வெடிப்பிலேயே இறந்துவிட்டார்கள். ஆல் தண்ணீரில் மூழ்கிப்போனான். மூத்தவன் ஜார்ஜ் மிதவையில் நான்கைந்து நாள்கள் உயிரோடிருந்தான். எண்ணெய் படிந்த முகங்களில் தன் தம்பிமாரின் முகத்தைத் தேடியபடி, பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான் என்கிறார்கள். பின்பு அறிவு கலங்கிய நிலையில் மிதவையை விட்டு இறங்கினான், திரும்பி வரவில்லை. போர் நடந்துகொண்டிருந்த 1944இல் இதையெல்லாம் ஒரு படம் சொல்லியிருக்க முடியாது. சொல்லாததற்காக நாம் அதைக் குறைகூறவும் இல்லை. ஆனால் இன்று பார்க்கும் நாம் இதைத் தெரிந்துகொண்டு பார்ப்பது நல்லது. ஏனெனில் 'நாட்டுக்காகப் பலியானார்கள்' என்று ஒரே வார்த்தையில் சொல்லும்போது, காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்களும் அந்த வார்த்தைக்குள் மறைந்துவிடுகின்றன.

நம் தமிழில் இந்தச் சொல் நமக்கு ஒரு சிக்கலையும் ஒரு வெளிச்சத்தையும் தருகிறது. செய்தித்தாளைத் திறந்தால் 'லாரி மோதி ஐவர் பலி' என்று இருக்கும். அதே காலையில் நாம் போய்வந்தது திருப்பலிக்கு. ஒரே சொல்லை இரண்டு இடத்திலும் பயன்படுத்துகிறோம். செய்தித்தாளின் பலியில் உயிர் பறிக்கப்படுகிறது. பீடத்தின் பலியில் உயிர் கொடுக்கப்படுகிறது. தம் உயிரைத் தம்மிடமிருந்து யாரும் பறித்துக்கொள்வதில்லை, தாமாகவே அதைக் கொடுக்கிறார் என்று ஆண்டவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார் (யோவா 10:18). இந்தச் சுதந்திரம் இல்லாத இடத்தில் இறப்பு இருக்கிறது, இழப்பு இருக்கிறது, கொலையும் இருக்கலாம். கிறிஸ்தவப் பொருளில் பலி இன்னும் அங்கு இல்லை.

அப்படியானால் சல்லிவன் பெற்றோர் தங்கள் ஐந்து பிள்ளைகளையும் பலியாகக் கொடுத்தார்கள் என்று சொல்லலாமா? சொல்லக்கூடாது என்றே நாம் கருதுகிறோம். ஒருவர் தம் உயிரைக் கொடுக்கலாம்; அடுத்தவர் உயிரைக் கொடுக்க எந்தத் தந்தைக்கும் தாய்க்கும் உரிமையில்லை. ஆபிரகாமின் கத்தியைக் கடவுள் தடுத்து நிறுத்தினார் (தொநூ 22:12). பிள்ளைகளின் இரத்தத்தைக் கேட்கும் தெய்வங்கள் அந்நாளில் கானானில் இருந்தன; இஸ்ரயேலின் கடவுள் அப்படிப்பட்டவர் அல்லர் என்பதை அந்த மலையில் ஆபிரகாம் கற்றுக்கொண்டார். எந்த நாடாவது, எந்தக் கொள்கையாவது, எந்தத் தலைவராவது பெற்றோரிடம் பிள்ளையைக் கொடு என்று கேட்கும்போது இந்த மலையை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

படத்தின் உச்சக் காட்சிக்கு வருவோம். 1943 ஜனவரி மாதம், ஒரு காலை வேளை. தந்தை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். கடற்படை அதிகாரி வாசலில் நிற்கிறார். பிள்ளைகளைப் பற்றிச் செய்தி கொண்டுவந்திருப்பதாகச் சொல்கிறார். எந்த மகன் என்று தந்தை கேட்கிறார். ஐவரும் என்று பதில் வருகிறது. இசையில்லை, அழுகை இல்லை. தாமஸ் மிட்செலின் முகத்தை மட்டுமே நாம் பார்க்கிறோம். முப்பத்து மூன்று ஆண்டுகளாக ஒரு நாளும் வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை அவர். அன்றும் போகிறார். இரயில் அந்தத் தண்ணீர்த் தொட்டியைக் கடக்கிறது. மேலே யாரும் இல்லை. அவர் கையை உயர்த்துகிறார்.

அந்த அதிகாரி, வந்த செய்தியைச் சொன்னதற்குமேல் எதுவும் பேசவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இறந்த வீடுகளில் நாம் என்னவெல்லாம் பேசுகிறோம்! 'கடவுளுக்குப் பிடித்தவர்களைச் சீக்கிரம் எடுத்துக்கொள்கிறார்' என்கிறோம். 'ஆண்டவர் உங்களிடம் ஒரு தியாகத்தைக் கேட்டிருக்கிறார்' என்கிறோம். நல்ல மனதோடுதான் சொல்கிறோம். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் காதில் அது எப்படி விழும்? தன் பிள்ளையைக் கொன்றவர் கடவுள் என்றுதான் விழும். அதன்பின் அவள் எந்தக் கடவுளிடம் போய் அழுவாள்? ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவரே எடுத்தார் என்று யோபு சொன்னது உண்மை (யோபு 1:21). சொன்னவர் யோபு. பிள்ளைகளை இழந்தவர் தாமே சொல்லலாம். அவருடைய நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் அமர்ந்து வாய் திறக்காமல் இருந்தார்களே (யோபு 2:13), அவர்கள் செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். வாய் திறந்த பிறகுதான் கெட்டுப்போனது.

இழப்பு காணிக்கையாக மாறும் இடம் ஒன்று உண்டு. அதைச் சல்லிவன் வீட்டிலேயே காணலாம். அரசின் செய்தி வருவதற்குச் சில நாள்களுக்கு முன்பே ஊரில் வதந்தி பரவிவிட்டது. அலெட்டா கடற்படை அலுவலகத்திற்குக் கடிதம் எழுதினார். பிள்ளைகள் ஐவரும் இறந்துவிட்டதாகக் கேள்விப்படுவதாகவும், உண்மையைத் தெரிவிக்கும்படியும் கேட்டார். இன்னொன்றும் எழுதினார். 'தவாசா' என்ற இழுவைக் கப்பலின் வெள்ளோட்டத்திற்கு அவரை முன்பே அழைத்திருந்தார்கள். பிள்ளைகளுக்கு எது நேர்ந்திருந்தாலும் தாம் வந்து அதற்குப் பெயர் சூட்டுவதாக, அது அவர்களுடைய விருப்பம் என்பதால் வருவதாகத் தெரிவித்தார். அப்படியே 1943 பிப்ரவரியில் போர்ட்லண்ட் நகருக்குப் போய்ச் செய்தும் முடித்தார். ஏப்ரல் மாதம் பிள்ளைகளின் பெயரையே தாங்கிய 'தி சல்லிவன்ஸ்' என்ற போர்க்கப்பலுக்கும் அவரே பெயர் சூட்டினார்.

பிள்ளைகள் பறிக்கப்பட்டார்கள், அதில் அவருக்குத் தேர்வு இல்லை. மறுநாள் காலை எழுந்து என்ன செய்வது என்பதில் தேர்வு இருந்தது. வெறுப்புக்குத் தன்னைக் கொடுப்பதா, கடமைக்கும் அடுத்தவருக்கும் கொடுப்பதா? திருப்பலியில் நாம் பீடத்திற்குக் கொண்டுவரும் காணிக்கை இதுவே. இறந்த மகனை நாம் அப்பத் தட்டில் வைப்பதில்லை. அவன் இல்லாத நம் வாழ்நாளை வைக்கிறோம். உங்களையே உயிருள்ள பலியாகப் படையுங்கள் என்று திருத்தூதர் வேண்டுவதும் இதைத்தான் (உரோ 12:1). மக்கபேயர் நூலில் ஏழு மக்களின் தாய் ஒரே நாளில் அனைவரையும் இழக்கிறார் (2 மக் 7). அவர் மக்களைக் கொன்றவன் அந்தியோக்கு மன்னன். நூலாசிரியர் அந்தப் பழியைக் கடவுள்மேல் போடவில்லை. தாயின் நம்பிக்கையைத்தான் கடவுளுக்கு உரியதாகக் காட்டுகிறார். சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னையும் ஆணியடித்தவர்களோடு சேர்ந்து நிற்கவில்லை, மகனோடு நின்றார்.

அந்நாளில் திருத்தந்தையாக இருந்த 12ஆம் பயஸ் இந்தப் பெற்றோருக்கு ஆறுதல் செய்தியோடு ஒரு வெள்ளிப் பதக்கமும் செபமாலையும் அனுப்பினார். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் கடிதமும் வந்தது. இரண்டையும் ஒப்பிட நாம் வரவில்லை. ஆனால் செபமாலையை வைத்து அழலாம்.

நாடு இந்தக் குடும்பத்தை நடத்திய விதத்தில் நமக்குச் சற்று நெருடல் உண்டு. செய்தி வந்த சில வாரங்களிலேயே தந்தையும் தாயும் ஜெனிவீவும் ஊர் ஊராக அழைத்துச் செல்லப்பட்டார்கள். கப்பல் கட்டும் தளங்களிலும் ஆயுதத் தொழிற்சாலைகளிலும் தொழிலாளர்முன் பேசினார்கள். ஐவரின் படம் போட்ட சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன. ஜெனிவீவ் கடற்படையின் மகளிர் பிரிவில் சேர்ந்தார். அவர்கள் விரும்பித்தான் செய்தார்கள், அவர்களுக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கலாம். இந்தப் படமும் அந்த முயற்சியின் ஒரு பகுதியே. துக்கம் ஆறுவதற்கு முன்பே அது அடுத்தவரை உற்சாகப்படுத்தும் கருவியாகிவிட்டது. தற்காப்புக்காகப் போரிடும் உரிமையை இரண்டாம் வத்திக்கான் சங்கம் மறுக்கவில்லை. ஆனால் அதே ஏட்டில் போரையே ஒழிக்க உழைக்குமாறு நம்மைக் கேட்கிறது. 1965இல் ஐக்கிய நாடுகள் சபையில் திருத்தந்தை 6ஆம் பவுல், இனிப் போர் வேண்டாம் என்று மன்றாடியதும் அந்தச் சங்கம் நடந்துகொண்டிருந்த நாள்களில்தான். ஜூனோவை மூழ்கடித்த ஐ-26 நீர்மூழ்கிக் கப்பலும் 1944இன் இறுதியில் தன் ஆட்கள் அனைவரோடும் கடலில் காணாமற்போனது. ஜப்பானிலும் எத்தனையோ வீட்டு வாசல்களில் யாரோ வந்து நின்றிருப்பார்கள். அவர்களைப் பற்றி இந்தப் படம் பேசாது. நாம் நினைத்துக்கொள்ளலாம்.

இடையில் ஒரு தகவல். இந்தச் சம்பவத்திற்குப் பின் உடன்பிறந்தவர்கள் ஒரே கப்பலில் பணியாற்றச் சட்டம் தடைவிதித்தது என்று பலர் சொல்வதுண்டு. அப்படி ஒரு சட்டம் இயற்றப்படவில்லை. ஒரே பிள்ளை மட்டும் எஞ்சியுள்ள குடும்பங்களுக்குப் பாதுகாப்பளிக்கும் விதிமுறைதான் பின்னர், 1948இல், வந்தது.

இப்படத்தின் மூலக்கதையை எழுதிய இருவரில் ஒருவரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் எட்டி டோகர்ட்டி என்ற பத்திரிகையாளர். இக்கதைக்காக ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். 1918இல் பரவிய கொள்ளைக் காய்ச்சலில் இளம் மனைவியைப் பறிகொடுத்து, கடவுள்மேல் கோபித்துக்கொண்டு திருச்சபையை விட்டு விலகிப் போனவர். பல ஆண்டுகள் கழித்தே திரும்பி வந்தார். இரண்டாவது மனைவியும் இறந்தபின், ஏழைகளிடையே பணிசெய்துவந்த கேத்தரின் டி ஹூயக்கை 1943இல் மணந்தார். இருவரும் கனடாவின் கோம்பர்மியர் என்னும் சிற்றூரில் வளர்த்தெடுத்த 'மடோனா இல்லம்' இன்றும் இயங்கி வருகிறது. மெல்கித் வழிபாட்டு முறையில் மணமானவர்களும் குருக்களாகலாம் என்பதால், 1969இல் டோகர்ட்டி குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். சாவு வந்து நிற்கும் வாசலில் வசனம் எதையும் திணிக்காமல் விட்ட அந்தக் காட்சியின் பின்னால், சாவோடு சண்டையிட்டுப் பார்த்த ஒருவர் இருக்கிறார்.

படத்தின் கடைசிக் காட்சியில் ஐவரும் மேகங்களினூடே நடந்து போகிறார்கள். ஆல் வழக்கம்போலப் பின்னால் ஓடிவந்து சேர்ந்துகொள்கிறான். இன்றைய இளைஞர்களுக்கு இது சற்றுச் சிரிப்பை வரவழைக்கலாம். பெரியவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். தாமஸ் 1965இலும் அலெட்டா 1972இலும் இறந்தார்கள். ஆலின் மகனுக்குத் தந்தை இறந்தபோது இரண்டு வயதுகூட நிறையவில்லை. அவர் வளர்ந்து, தந்தை மற்றும் பெரியப்பாமார் பெயரைத் தாங்கிய 'தி சல்லிவன்ஸ்' கப்பலிலேயே பணியாற்றினார். அக்கப்பல் இப்போது பஃபலோ நகரில் காட்சியகமாக நிற்கிறது.

மூழ்கிய ஜூனோவை 2018 மார்ச் 17 அன்று ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். அயர்லாந்து மக்களின் பாதுகாவலரான தூய பேட்ரிக்கின் திருவிழா நாள் அது. கடலுக்கடியில் ஏறத்தாழ 4,200 மீட்டர் ஆழத்தில் கப்பல் சிதறிக் கிடக்கிறது. ஐவரில் ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. மணிலாவில் உள்ள அமெரிக்கப் போர்க் கல்லறையில், காணாமற்போனவர்களுக்கான சுவரில் அவர்களுடைய பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. நவம்பர் 13 அன்று திருப்பலிக்கு வருகிறவர்கள் ஜார்ஜ், பிராங்க், ஜோசப், மாட், ஆல்பர்ட் என்ற ஐந்து பெயர்களையும், பெயர் தெரியாத அந்த நீர்மூழ்கிக் கப்பலின் வீரர்களையும், கல்லறை இல்லாத காரணத்தால் மெழுகுவர்த்தி ஏற்ற இடமில்லாமல் நம் நடுவே உட்கார்ந்திருக்கும் குடும்பங்களின் இறந்தவர்களையும் நினைத்து மன்றாடுங்கள்.